நூலகரும் நோயறிவும்

மைசூர் அரசின் கீழைக்கலை நூல் நிலையத்தில் 1905-ஆம் ஆண்டில் நூலகராய் இருந்தவர் ஆர். சாமசாஸ்திரி. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் தம்மிடமிருந்த ஓலைச் சுவடிகளை அந்நிலையத்தில் ஒப்படைத்துச் சென்றார். கிரந்த எழுத்தில் அமைந்திருந்த அவற்றுள் ஒன்றைப் பிரித்துப் படித்த சாமசாஸ்திரி, நெடுங்காலமாகப் பெயரளவில் மட்டும் அறியப்பட்டிருந்த கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் அதுவே என்பதைக் கண்டுகொண்டார். 1909-இல் மூலம் அச்சேறியது. 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் நூலாக வந்தது. சுவடி வந்த நாளில் அந்த மேசைக்குப் பின்னால் வேறொருவர் அமர்ந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. சுவடிக்கு ஓர் எண் இட்டிருப்பார். துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருப்பார். பணி முடிந்தது என்று வீடு சென்றிருப்பார். அவர் செய்ததிலும் குற்றம் காண இயலாது. கையில் இருப்பது இன்னது என்று அறியாதவர் அதற்கு மேல் என் செய்வார்?

அர்த்தசாஸ்திரம் காத்திருக்கக் கூடிய நூல். ஐந்நூறு ஆண்டு அலமாரியில் உறங்கினும் அதன் மதிப்புக் குறைவதில்லை, கூடவும் செய்யும். நோயையும் மருந்தையும் பற்றிய செய்தியின் இயல்பு வேறு. அது பத்தாண்டில் மூப்படையும். சில வேளைகளில் பத்து வாரத்தில் மூப்படையும். மூப்படைந்த பின்னும் அதே அட்டையோடு, அதே எண்ணோடு, அதே அலமாரியில் நிற்கும். எடுத்துப் படிப்பவருக்கு அதன் மூப்பு தெரியாது. எடுத்துக் கொடுப்பவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நூலகப் பணியாளருக்கு நல்வாழ்வுச் செய்திகளில் தொடர்ந்து பயிற்சி தர வேண்டும் என்னும் கருத்து இவ்விடத்தில்தான் பிறக்கிறது. அக்கருத்து நம் நாட்டில் எவ்வழியே வந்தது, எங்கே தங்கிவிட்டது என்பதை, மைசூர் நகரை நடுவாக வைத்து, ஒரே நோயின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு நேயர்களுக்குச் சொல்ல முற்படுகிறோம். அந்நோய் காசநோய்.

மைசூரில் காசநோய்க்கென ஓர் ஆரோக்கிய நிலையம் உண்டு. நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் உடன்பிறந்தாராகிய இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணியின் பெயரை அது தாங்கி நிற்கிறது. அவ்வம்மையார் அந்நோயாலேயே மறைந்தவர். முதல் உலகப் போர் முடிந்த காலத்தை ஒட்டி எழுந்த அந்நிலையம், அக்கால மருத்துவக் கொள்கைக்குக் கண்கூடான சான்று. நகர நெரிசலுக்கு அப்பால் விரிந்த நிலம்; காற்று தடையின்றி உலவும் கூடங்கள்; ஓய்வு, பால், முட்டை, அளந்து நடத்தல். நோயாளியை வீட்டினின்றும் பிரித்துத் தொலைவில் வைத்தல் என்பது அம்முறையின் உயிர்நாடி. அன்றைக்கு அதனினும் சிறந்த வழி எவர் கையிலும் இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதுவே நடைமுறை. அக்கால மருத்துவ நூல்களும் பொதுமக்களுக்கான கையேடுகளும் ஒரே குரலில் இதனையே சொல்லின. நோயாளியின் தட்டும் குவளையும் தனி, படுக்கை தனி, குழந்தை அருகே வரலாகாது, திருமணப் பேச்சை எடுக்கலாகாது. அரண்மனைக்குள்ளும் நுழைந்த நோய் அன்றோ? மக்களின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

பின்னர் மருந்து வந்தது. 1944-இல் ஸ்ட்ரெப்டோமைசின் பற்றிய செய்தி வெளியாயிற்று. 1952-இல் ஐசோநியாசிட் வந்தது. விலை குறைந்த மாத்திரை, வாயால் உட்கொள்ளலாம். அப்போது எழுந்த கேள்வி எளியது, விடைதான் எளியதன்று. மருந்து இருக்கும்போது ஆரோக்கிய நிலையம் எதற்கு? நம் நாட்டில் இலட்சக் கணக்கான நோயாளிகள். படுக்கைகளோ ஆயிரக் கணக்கில். வீட்டிலேயே மருந்து கொடுத்தால் ஆகாதா? அக்கேள்விக்கு விடை காண 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமை ஏற்றார். நகரின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் ஆரோக்கிய நிலையத்தில் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் தம் குடிசையிலேயே, தம் வழக்கமான உணவோடு, தம் மக்களின் நடுவிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்க்கும் நிலையத்தில் இருந்தவர்க்கும் குணம் காண்பதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் இருந்தவரால் அவர்தம் குடும்பத்தார்க்கு நோய் மிகுதியாய்ப் பரவவும் இல்லை. உலகெங்கும் ஆரோக்கிய நிலையங்களின் கதவு மெல்ல மெல்ல மூடத் தொடங்கியதற்கு நம் சென்னைக் குடிசைகளில் கிடைத்த இவ்விடை ஒரு முதன்மைக் காரணம். தமிழர் இதனை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

நம் பொருளுக்கு இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1959-க்கு முன் அச்சான கையேடு ஒன்று நூலக அலமாரியில் 1965-இலும் இருந்திருக்கும், 1975-இலும் இருந்திருக்கும். அதனைப் படித்த குடும்பத் தலைவன் தன் மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பியிருப்பான். அல்லது ஊர்ப்புறத்துத் திண்ணையில் தனித்து இருத்தியிருப்பான். மருந்துக்குப் போக வேண்டியவன் மலைக்காற்றைத் தேடிப் போயிருப்பான். நூல் பொய் சொல்லவில்லை. எழுதப்பட்ட நாளில் அது மெய்யே. அந்நூலை எடுத்துக் கொடுத்த பணியாளரும் தம் கடமையைச் செவ்வனே செய்தவரே. அவர் பயிற்சி பெற்ற ஆண்டில் சென்னை ஆராய்ச்சி நடந்திருக்கவில்லை, அவ்வளவே. ஒருமுறை பெற்ற பட்டயம் ஓய்வு பெறும் வரை செல்லும் என்னும் எண்ணம் பிற துறைகளில் சிறு தீங்கு செய்யும். இத்துறையில் உயிரோடு விளையாடும்.

அதே 1959-ஆம் ஆண்டில் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் நிறுவப்பட்டது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் அன்றைய மைசூர் மாநிலத்துத் தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஓர் ஆய்வு நடத்தி 1963-இல் வெளியிட்டனர். நாட்டுப்புறத்து மக்களுக்கு நோயின் அறிகுறியே தெரியாது, அவர்களைத் தட்டி எழுப்ப வேண்டும் என்பது அக்காலத்துப் படித்தவர்களின் துணிபு. ஆய்வோ நேர்மாறாகக் கூறியது. காசநோய் உடையவருள் மிகப் பெரும்பாலோர் தம் உடலில் ஏதோ கேடு இருப்பதை உணர்ந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே மருத்துவ நிலையத்தை நாடியும் சென்றிருந்தனர். அங்கே அவர்கள் நோய் இன்னதெனக் கண்டறியப்படாமல் இருமல் மருந்தோடு திரும்பி வந்ததுதான் குறை. கேட்பவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்; கேட்கப்படுபவர் கேள்வியை அடையாளம் காண்பதில்லை. இந்த ஆய்வு மருத்துவமனை மேசையைப் பற்றியது. நூலக மேசையைப் பற்றி அத்தகைய ஆய்வு நடந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றவில்லை.

இனி நூலகத்தின் பக்கம் திரும்புவோம். தென்னாட்டில் நூலகப் பயிற்சியின் வரலாறு சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதனிலிருந்து தொடங்குகிறது. கணிதம் கற்பித்துவந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். இலண்டன் சென்று பயின்று மீண்டார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமாய் இருந்தார். 1929-இல் அச்சங்கம் கோடைக்கால நூலகப் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று. கோடை விடுமுறையில் பணியாளர் வந்து பயின்று போகலாம் என்பது அதன் அமைப்பு. பணியில் இருப்பவர் பணியை விடாமலே கற்கும் வழி அது. 1931-இல் பல்கலைக்கழகம் அப்பள்ளியை ஏற்றுக்கொண்டது. 1937-இல் ஓராண்டுப் பட்டயப் படிப்பு ஆயிற்று. படிப்பு வளர்ந்தது, மதிப்பும் வளர்ந்தது. ஆயினும் கோடைப் பள்ளியில் இருந்த ஒரு நலம் அவ்வளர்ச்சியில் சற்றே மங்கியது என்பது நம் கருத்து. ஓராண்டு முழுதும் படித்துப் பட்டயம் வாங்கியவர் மீண்டும் படிக்க வரவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. விடுமுறைதோறும் வரலாம் என்ற வாசல் சாத்தப்படவில்லை; ஆனால் அதன் வழியே நுழைவோர் குறைந்தனர்.

ரங்கநாதன் தம் பிற்காலத்தைப் பெங்களூரில் கழித்தார். 1962-இல் அங்கே ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தை நிறுவினார். மருத்துவர், பொறியியலர், அறிவியலார் ஆகியோர்க்கு அன்றன்று வெளியாகும் கட்டுரைகளைத் தேடித் தரும் நூலகரை உருவாக்குவது அதன் நோக்கம். அவர் வகுத்த கோலன் பகுப்பு முறையைப் பயிலும் மாணவர்க்குப் பரவலாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ‘நுரையீரல் காசநோயை எக்ஸ்-கதிரால் குணப்படுத்துதல் பற்றி 1950-களில் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி’ என்னும் பொருளுக்கு எண் அமைப்பது எப்படி என்பதே அது. ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்து மருத்துவம், 45 என்பது நுரையீரல், 421 காசநோய், 6 என்பது சிகிச்சை, 253 எக்ஸ்-கதிர், ‘எஃப்’ ஆராய்ச்சி, 44 இந்தியா, ‘என்’ எழுத்தும் 5-ம் சேர்ந்து காலம். இடையிடையே காற்புள்ளியும் அரைப்புள்ளியும் முக்காற்புள்ளியும் வரும். வெளியார்க்கு இது சூனியக்காரன் சக்கரம் போலத் தோன்றும். உற்று நோக்கினால் இது ஒரு கேள்விச் சரம். உடலின் எப்பகுதி? அங்கே என்ன நோய்? என்ன செய்யப்பட்டது? எதனால் செய்யப்பட்டது? எந்நாட்டில்? எப்போது?

இந்தச் சரம் நூலுக்கு மட்டும் உரியதன்று; நூலைத் தேடி வருபவர்க்கும் உரியது. ‘நெஞ்சு நோய்க்கு ஏதாவது புத்தகம் இருக்கிறதா?’ என்று கேட்டு ஒருவர் வருகிறார். நெஞ்சு என்றால் இதயமா, நுரையீரலா? நோயை அறியவா, மருந்தை அறியவா? உமக்கா, படிப்புக்கா? எந்த மொழியில்? இவற்றைப் பக்குவமாய்க் கேட்டு அறிந்தால் பாதி வேலை முடிந்தது. 1995-இல் மேனாட்டு மருத்துவர் நால்வர், நோயாளியைப் பற்றிய கேள்வியை நான்கு உறுப்பாகப் பிரித்து அமைத்துக்கொண்டு பிறகே நூல்களைத் தேட வேண்டும் என்று எழுதினர். யார், என்ன சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, என்ன பயன் என்பன அவ்வுறுப்புகள். மருத்துவ நூலகர்க்கு நடத்தப்படும் வகுப்புகளில் இன்று முதற்பாடம் அதுவே. சீர்காழிக்காரர் கற்பித்த முறையை அறிந்தவர்க்கு அது அயலாகத் தோன்றாது.

ஆனால் அந்த எடுத்துக்காட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எக்ஸ்-கதிரால் நுரையீரல் காசநோயைக் குணப்படுத்துவதா? எக்ஸ்-கதிர் நுரையீரலில் உள்ள நோயைக் காட்டும். மருத்துவர் படம் எடுத்துப் பார்ப்பது அதற்காகவே. 1950-களில் அந்நோயைத் தீர்த்தவை ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோநியாசிட்டும் அவற்றோடு சேர்த்துக் கொடுத்த பிற மருந்துகளுமே. தலைமுறை தலைமுறையாக நூலகவியல் மாணவர் அந்த எண்ணை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருக்கின்றனர். எண் அமைப்பில் எழுத்துப் பிழையும் இல்லை, புள்ளிப் பிழையும் இல்லை. பகுப்பு முறை தனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பை அப்படியே எண்ணாக்கித் தந்துவிடும். தலைப்பு மருத்துவத்துக்குப் பொருந்துமா என்று அது கேளாது. அதனைக் கேட்க வேண்டியவர் மனிதர். நூலகக் கல்வி எவ்வளவு தூரம் அழைத்துச் சென்றது, எவ்விடத்தில் கையை விட்டது என்பதற்கு இதனினும் தெளிவான அடையாளம் நமக்குத் தெரியவில்லை.

மைசூர் நாட்டில் சுகாதார அறிவைப் பரப்பும் முயற்சிகள் நூலகத்துக்கு வெளியே சுறுசுறுப்பாக நடந்தன. 1929-இல் ராக்பெல்லர் அறநிலையத்தின் துணையோடு மண்டியாவில் சுகாதாரப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. 1930-இல் மைசூர் அரசு மகப்பேற்றுக் கட்டுப்பாட்டு ஆலோசனை நிலையங்களைத் திறந்தது. உலகில் அரசே முன்வந்து இதனைச் செய்த முதல் இடங்களுள் மைசூர் ஒன்று. பெங்களூரில் 1924-இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி அதே 1930-இல் மைசூருக்கு வந்தது. 1935-இல் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையம் நிறுவி ‘ஆகாசவாணி’ என்று பெயரிட்டார்; பின்னாளில் நாட்டு வானொலி முழுமைக்கும் அப்பெயரே வாய்த்தது நேயர்கள் அறிந்ததே. 1940-களில் மைசூரில் உருவான முதியோர் கல்விக் கழகம் புதிதாய் எழுத்தறிந்தவர்க்கென ‘பெளகு’ என்னும் கன்னட வார இதழை நடத்தியது. சிற்றூர்களுக்குச் சுற்று நூலகங்களை அனுப்பியது. 1965-இல் மைசூர்ப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. அதே ஆண்டில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் துறை பிறந்தது. மருத்துவக் கல்லூரியும் நூலகத் துறையும் ஒரே நகரில் இருந்தன. ஆயினும் இரண்டையும் இணைக்கும் நெடும்பாதை அப்போது போடப்படவில்லை. மருத்துவர் மருத்துவருக்குக் கற்பித்தார். நூலகர் நூலகருக்குக் கற்பித்தார்.

பிற நாடுகளில் அப்பாதை முன்னரே இடப்பட்டிருந்தது. 1879-இல் அமெரிக்கப் படை மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ், உலக மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகளுக்கெல்லாம் மாதந்தோறும் அட்டவணை வெளியிடத் தொடங்கினார். அவரும் நூலகராகப் பயின்றவர் அல்லர். போர்க்களத்தில் அறுவை செய்தவர். 1898-இல் பிலடெல்பியா நகரில் நூலகர் நால்வரும் மருத்துவர் நால்வரும் ஓர் அறையில் கூடி மருத்துவ நூலகச் சங்கம் ஒன்றை அமைத்தனர். சரிபாதியாய் அமைந்த அந்தக் கூட்டு நமக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு தரப்பு மறு தரப்புக்குப் பணியாள் என்ற நிலை அங்கே தொடக்கத்திலேயே இல்லை. 1958-இல் அச்சங்கம் தன் ஆண்டு மாநாட்டோடு பணியாளர்க்கான புத்தாக்க வகுப்புகளைத் தொடங்கியது. பட்டம் பெற்று வேலையில் அமர்ந்தவர் மீண்டும் மாணவராய் வந்து அமர்வதில் நாணம் இல்லை என்பதை அவ்வகுப்புகள் வழக்கமாக்கின. காலமும் அதற்குத் துணை நின்றது. 1964-இல் மருத்துவ அட்டவணை கணிப்பொறிக்குள் புகுந்தது. 1971-இல் தொலைவிலிருந்தே தேடும் வசதி வந்தது. 1997-இல் பப்மெட் என்னும் பெயரில் எவரும் கட்டணமின்றித் தேடலாம் என்றாயிற்று. கருவி மாறும்தோறும் வகுப்புக்கு வர வேண்டிய நிர்ப்பந்தம் நேர்ந்தது.

அவ்வலை நம் நாட்டையும் தொட்டது. 1979-க்குப் பின் உலகச் சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் மருத்துவ நூலகங்களை இணைக்கும் ‘ஹெல்லிஸ்’ அமைப்பை உருவாக்கியது; புது தில்லியின் தேசிய மருத்துவ நூலகம் இந்தியாவுக்கு அதன் நடுநிலையம் ஆயிற்று. 1987 முதல் பல்கலைக்கழகங்களில் தோன்றிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் கல்லூரி நூலகர்க்கும் புத்தாக்கப் பயிற்சிகள் நடந்தன. சில வார வகுப்பு, முடிவில் சான்றிதழ், பதவி உயர்வுக்கு அது தேவை. சான்றிதழுக்காக வந்தவரும் சிறிது கற்றே திரும்பினர் என்று கொள்வோம். 2003-இல் கர்நாடகத்தின் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் ‘ஹெலிநெட்’ என்னும் கூட்டமைப்பின் வழியே தன் கல்லூரிகளுக்கெல்லாம் மின்னிதழ்களைத் திறந்துவிட்டது. ஒரு சிறு கல்லூரி நூலகர்கூடப் பேரிதழ்களின் திறவுகோலைக் கையில் பெற்றார். திறவுகோலைப் பயன்படுத்தக் கற்க வேண்டியவரும் ஆனார். இவையெல்லாம் மகிழத்தக்கவை. ஆனால் இப்பயிற்சிகளின் பயனைப் பெற்றவர் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரி நூலகர். அவரை நாடி வருபவரோ மருத்துவர், மாணவர். இருமலோடு வருகிறவர் அங்கே வருவதில்லை. அவர் போவது நகரக் கிளை நூலகத்துக்கு, பஞ்சாயத்து நூலகத்துக்கு. அங்கே செய்தித்தாளை அடுக்கிவைத்து, கதவைத் திறந்து பூட்டி, உறுப்பினர் ஏட்டையும் எழுதும் ஒரே பணியாளரிடம்தான் அவர் வாய் திறப்பார். இந்தப் பணியாளருக்கு எவர் என்ன கற்பித்தார் என்பதே நம் கேள்வி.

கற்பிக்க வேண்டியவற்றுள் முதலாவது, பெயர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பதால் இது நம் கண்ணில் உடனே படுகிறது. தமிழர் இந்நோயை எலும்புருக்கி என்றனர், க்ஷயம் என்றனர், சயரோகம் என்றனர், பிறகு காசநோய் என்றனர், பேச்சில் டி.பி. என்பார். பழைய சித்த மருத்துவ நூலில் காசம் என்பது இருமல். அந்நூலையும் புதிய அரசுக் கையேட்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என எண்ணி மயங்குவார். மைசூரிலோ கன்னடர் க்ஷய என்பர். உருது பேசுவோர் தப்பேதிக் என்பர். அங்கே நெடுங்காலமாய் வாழும் தமிழர் வீட்டில் ஒன்றும் வீதியில் ஒன்றும் சொல்வர். நூற்பட்டியலில் இருப்பது இவற்றுள் ஒரே பெயர். வாசகர் சொல்லும் பெயருக்கும் பட்டியல் சொல்லும் பெயருக்கும் இடையே நிற்கும் பாலம் அந்தப் பணியாளர். ஒரு வகுப்பில் ஒரு நாள் முழுவதையும் இப்பெயர்களை எழுதிக் கோப்பதில் கழித்தாலும் அது வீண் ஆகாது. அவ்வட்டாரத்துச் செவிலியர் ஒருவரை அழைத்து உடன் அமர்த்திக்கொண்டால் இன்னும் நன்று; மக்கள் நோயை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை அகராதி ஆசிரியரைக் காட்டிலும் அவர் நன்கு அறிவார்.

அடுத்தது, மறைமுகக் கேள்வி. கருத்தடை பற்றியோ, தொழுநோய் பற்றியோ, மனநோய் பற்றியோ எவரும் மேசைக்கு முன் நின்று உரக்கக் கேட்பதில்லை. ‘என் நண்பன் ஒருவனுக்கு’ என்று தொடங்குவார். ‘பையனுக்குப் பள்ளியில் கட்டுரை எழுத வேண்டும்’ என்பார். பணியாளர் அந்த மறைப்பைக் கிழிக்கலாகாது. மறைப்புக்கு உள்ளேயே விடையைக் கொண்டு சேர்க்க வேண்டும். குரலைத் தாழ்த்தத் தெரிய வேண்டும். யார் எந்த நூலை எடுத்தார் என்பது ஊருக்குள் பேச்சாகலாகாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். சிற்றூரில் இது எளிதன்று. இன்னொரு பக்கம், நின்றுவிட வேண்டிய எல்லையும் உண்டு. ‘இந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?’ என்று கேட்டால் நூலகர் விடை சொல்லக் கூடாது. இந்நோயில் மருந்தைப் பாதியில் நிறுத்துவது, மருந்துக்கு அடங்காத கிருமி உருவாக வழிசெய்யும். அதனைச் சொல்லும் நூலின் பக்கத்தைக் காட்டலாம். அண்மையில் உள்ள மருத்துவ நிலையத்தின் பெயரையும் வேலை நேரத்தையும் எழுதிக் கொடுக்கலாம். மருத்துவம் தெரிந்தவர் போல் பேசும் ஆசை, மருத்துவம் சிறிதே கற்றவரிடம்தான் மிகுதி. ஆகவே இப்பயிற்சியில் அளவு என்பதும் ஒரு பாடம்.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல நேர்வது 2020-ஆம் ஆண்டின் நினைவால். கொரோனாப் பெருந்தொற்றின் முதல் மாதங்களில் பொதுமக்கள் எல்லாரும் முகக்கவசம் அணியத் தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. அவ்வாண்டு ஜூன் மாதம் நோய் பரவும் இடங்களில் துணிக் கவசம் அணியுமாறு அறிவுரையை மாற்றிக்கொண்டது. இரண்டு அறிவிப்புகளும் ஒரே நிறுவனத்தின் பெயரோடு கைப்பேசிகளில் உலவின. தேதியைப் பார்த்தவர் தெளிந்தார். பாராதவர், ‘இவர்களுக்கே ஒன்றும் தெரியவில்லை’ என்று வெறுத்து வதந்தியை நாடினார். நூலின் முகப்பைப் புரட்டியவுடன் பதிப்பு ஆண்டைத் தேடும் பழக்கம் நூலகருக்கு இயல்பிலேயே உண்டு. அப்பழக்கத்தை வாசகருக்கும் ஒட்டவைப்பது பெரிய செலவில்லாத பயிற்சி. பழைய நூல்களைக் கழித்தலும் இதில் அடங்கும். கீழைக்கலை நூல் நிலையத்து ஆயுர்வேதச் சுவடியை எவரும் கழிக்கச் சொல்லவில்லை. அது வரலாறு, அதன் இடம் அதற்கு உண்டு. இரவல் பகுதியில் நிற்கும் நாற்பதாண்டுக் கையேட்டைத்தான் சொல்கிறோம். கணக்குத் தணிக்கைக்கு அஞ்சி அதனை எடுக்காமல் விட்டிருக்கும் பணியாளர் பலர். அவர்கள் அச்சம் நியாயமானதே. கழிக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுக்காமல் கழிக்கும் கலையை மட்டும் கற்பிப்பதில் பொருள் இல்லை.

மைசூரிலோ வேறெங்கோ இத்தகைய வகுப்பு ஒன்று கூடும்போது, பாடத்தைத் தொடங்க அந்தப் பழைய எண்ணே போதும். அதனைக் கரும்பலகையில் எழுதி, எக்ஸ்-கதிரைக் குறிக்கும் 253-ஐ மட்டும் அழித்துவிட்டு, ‘இவ்விடத்தில் எது வர வேண்டும்?’ என்று கேட்கலாம். 1925-இல் ஓய்வும் காற்றும் என்று எழுதியிருப்பர். 1959-இல் ஐசோநியாசிட்டும் அதன் துணை மருந்தும், ஓராண்டு. ரிஃபாம்பிசின் வந்து நிலைபெற்ற பின் பெரும்பாலோர்க்கு ஆறு மாதம். மருந்துக்கு அடங்காத வகைக்கு நெடுங்காலம் ஒன்றரை, இரண்டு ஆண்டுச் சிகிச்சை இருந்தது. அதனையும் ஆறு மாதத்தில் முடிக்கும் புதிய கூட்டு மருந்துக்கு இந்திய அரசு 2024-இல் இசைவு தந்தது. வந்திருக்கும் பணியாளர் ஒவ்வொருவரும் தத்தம் நூலகத்துக்குத் திரும்பி, காசநோய் பற்றி அங்கே உள்ள நூல்களை எடுத்து, அவை இவற்றுள் எந்த விடையைச் சொல்கின்றன என்று குறித்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வரலாம்.